உடலின் வரவு செலவுக் கணக்கு

மாணவர்களே! நோயுற்ற உறவினர் ஒருவரைப் பார்க்க நீங்கள் எப்போதாவது மருத்துவமனைக்குப் போயிருப்பீர்கள். அங்கே கட்டிலின் கால்மாட்டில் ஓர் அட்டையில் சில தாள்கள் செருகப்பட்டிருப்பதைக் கவனித்தீர்களா? அவற்றுள் ஒன்று கடைக்காரரின் பேரேட்டைப் போலவே இருக்கும். ஒரு பக்கம் 'உட்சென்றது'; மறு பக்கம் 'வெளிவந்தது'. காலை 7 மணி, காபி 150 மி.லி. காலை 8 மணி, கஞ்சி 200 மி.லி. காலை 9 மணி, சிறுநீர் 250 மி.லி. இப்படி நர்ஸ் அதில் எழுதிக்கொண்டே போவார். இரவில் இரு பக்கங்களையும் கூட்டிப் பார்ப்பார்.

நோயாளி குடித்த கஞ்சியையும் கழித்த சிறுநீரையும் அளந்து எழுதுவதில் என்ன விஞ்ஞானம் இருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றலாம். ஊசியும் மாத்திரையும்தானே வைத்தியம் என்றும் நினைக்கலாம். ஆனால் இந்தச் சாதாரணக் கணக்கு தவறியதால் போன உயிர்கள் பல; சரியாக இருந்ததால் பிழைத்த உயிர்களும் பல. அந்தக் கதையைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

உடலுக்குள் ஒரு குளம்

வளர்ந்த ஒரு மனிதனின் எடையில் ஏறத்தாழ 60 சதவீதம் தண்ணீர். 60 கிலோ எடையுள்ளவர் உடலில் சுமார் 36 லிட்டர் நீர் இருக்கிறது. கைக்குழந்தையின் உடலில் இந்தப் பங்கு இன்னும் அதிகம். 70 சதவீதத்தையும் தாண்டும்.

இந்த 36 லிட்டரும் ஒரே இடத்தில் தேங்கி நிற்பதில்லை. மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 24 லிட்டர், கோடானுகோடி உயிரணுக்களின் உள்ளே இருக்கிறது. மீதி 12 லிட்டர் அணுக்களுக்கு வெளியே இருக்கிறது. அதிலும் இரத்தத்தின் நீர்ப்பகுதியாக ஓடுவது ஏறத்தாழ 3 லிட்டர்தான். இதயம் இறைத்து ஊற்றுவதற்கு இந்தச் சிறிய பங்கையே நம்பியிருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு நாளும் குடிநீராலும் உணவாலும் சுமார் இரண்டேகால் லிட்டர் நீர் உடலுக்குள் வருகிறது. உணவு எரிந்து சக்தியாகும்போது இன்னொரு கால் லிட்டர் உடலுக்குள்ளேயே உண்டாகிறது. ஆக வரவு இரண்டரை லிட்டர். செலவும் அதே அளவுதான். சிறுநீராக ஒன்றரை லிட்டர், தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் சுமார் 900 மி.லி., மலத்தோடு 100 மி.லி. வெயிலில் வியர்த்தால் செலவு கூடும். உடனே தாகம் எடுக்கும், சிறுநீரும் குறையும். உடல்நலம் உள்ளவரை இந்தக் கணக்கை மூளையும் சிறுநீரகமும் பார்த்துக்கொள்கின்றன. நோய் வந்தபின் வேறொருவர் பார்க்க வேண்டியிருக்கிறது. அவர்தான் நர்ஸ்.

நீரும் உப்பும் கூட்டாளிகள்

இப்போது ஒரு சிறு சோதனை. பத்து உலர்ந்த திராட்சைகளை இரவில் ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு வையுங்கள். காலையில் அவை உப்பிப் பருத்திருக்கும். பிறகு அவற்றைக் கெட்டியான சர்க்கரைப் பாகில் போட்டால் சில மணி நேரத்தில் சுருங்கத் தொடங்கும். காரணம் என்ன? மெல்லிய சவ்வு ஒன்று நடுவில் இருந்தால், கரைபொருள் குறைந்த பக்கத்திலிருந்து மிகுந்த பக்கத்துக்குத் தண்ணீர் நகர்ந்து செல்லும். இதையே சவ்வூடு பரவல் என்று பாடத்தில் படித்திருக்கிறீர்கள்.

நம் உயிரணுக்களும் இந்தத் திராட்சைகளைப் போன்றவைதாம். அவற்றின் வெளியே சோடியம் மிகுதி. உள்ளே பொட்டாசியம் மிகுதி. வெளியே உப்பு குறைந்தால் அணுக்கள் உப்பும். உப்பு கூடினால் வதங்கும். வெறும் தண்ணீரை நேராக இரத்தக் குழாயில் செலுத்தினால் சிவப்பணுக்கள் ஊதி வெடித்துவிடும். அதனால்தான் 'சலைன்' புட்டியில் ஒரு லிட்டர் நீருக்கு 9 கிராம் உப்பு என்ற கணக்கு இருக்கிறது. ஆகவே உடல் இழப்பது நீரை மட்டுமல்ல, நீரையும் உப்பையும் சேர்த்து. திருப்பித் தரவேண்டியதும் அவ்விரண்டையும்தான்.

லீத் துறைமுகத்தில் ஒரு பாடம்

இந்த உண்மையை உலகுக்கு முதலில் உணர்த்தியது காலரா நோய். 1831இல் அந்நோய் இங்கிலாந்துக்குள் நுழைந்தது. 22 வயதே ஆன வில்லியம் புரூக் ஓஷானசி என்ற மருத்துவர் நோயாளிகளின் இரத்தத்தைச் சோதித்தார். அதில் நீரும் உப்புகளும் பெருமளவு குறைந்திருக்கக் கண்டார். இழந்ததைத் திருப்பிக் கொடுத்தால் என்ன என்று கேட்டார். (பிற்காலத்தில் இந்தியாவுக்கு வந்து இங்கே தந்திக் கம்பிகளை நிறுவியவரும் இவரே!)

அந்த யோசனையைச் செய்து பார்த்தவர் தாமஸ் லட்டா. ஸ்காட்லாந்தில் எடின்பரோ நகரை அடுத்த லீத் துறைமுகத்தில், 1832இல், சாகும் தறுவாயில் இருந்த ஒரு மூதாட்டியின் இரத்தக் குழாயில் உப்புநீரைச் சிறிது சிறிதாகச் செலுத்தினார். ஏறத்தாழ ஆறு பைன்ட், அதாவது சுமார் மூன்றரை லிட்டர் உள்ளே போனது. குழிந்த கண்கள் ஒளி பெற்றன; காணாமற்போன நாடி திரும்பியது; குளிர்ந்த கைகால்களில் சூடு ஏறியது. மூதாட்டி பேசவும் தொடங்கினார். ஆபத்து நீங்கிவிட்டது என்று எண்ணிய லட்டா, அவரை மருத்துவமனையில் இருந்தவர்களிடம் ஒப்படைத்துவிட்டுச் சென்றார்.

ஆனால் பேதி மீண்டும் தொடங்கியது. மீண்டும் உப்புநீர் ஏற்றுவார் இல்லை. சில மணி நேரத்தில் அந்த மூதாட்டி இறந்துபோனார்.

மருந்து தவறா? இல்லை. கணக்குத்தான் தவறு. ஏற்கெனவே இழந்ததைத் திருப்பிக் கொடுத்தது பாதி வேலை. இனிமேல் இழப்பதை அவ்வப்போது அளந்து ஈடுகட்டுவது மறு பாதி. அந்த மறு பாதி நடக்கவில்லை. கட்டிலின் கால்மாட்டில் தொங்கும் தாள் இன்று செய்வது இந்த மறு பாதி வேலையைத்தான்.

பிற்காலத்தில் கல்கத்தாவிலும் டாக்காவிலும் காலரா நோயாளிகளுக்கென்று ஒரு தனிக் கட்டில் பயன்பட்டது. கித்தானால் ஆன அதன் நடுவில் ஒரு துளை இருக்கும். துளைக்குக் கீழே ஒரு வாளி. கழிவு எத்தனை லிட்டர் என்று நர்ஸ் அளப்பார். அத்தனை லிட்டர் திரவம் நோயாளிக்குத் திருப்பித் தரப்படும். பார்ப்பதற்கு அருவருப்பான ஏற்பாடுதான். ஆனால் கடுமையான காலராவில் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வரைகூட வெளியேறும் என்றால், அந்த வாளியின் அருமை விளங்குகிறது அல்லவா?

கண்ணும் கையும் தராசும்

நீர் குறைந்திருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? இதற்குப் பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாம்.

முதலில் முகத்தைப் பாருங்கள். கண்கள் குழி விழுந்திருக்கும். நாக்கும் உதடும் உலர்ந்திருக்கும். குழந்தை அழுதால் கண்ணீர் வராது. கைக்குழந்தையின் உச்சிக்குழி உள்வாங்கியிருக்கும். அடுத்து, வயிற்றுத் தோலை இரு விரல்களால் மெல்லக் கிள்ளிவிட்டுப் பாருங்கள். நல்ல நிலையில் தோல் உடனே படிந்துவிடும். நீர் குறைந்திருந்தால் மெதுவாகப் படியும். இரண்டு விநாடிக்கு மேலும் மடிப்பு நின்றால் நிலைமை மோசம். (முதியவர்களின் தோல் இயல்பாகவே தளர்ந்திருப்பதால் அவர்களிடம் இந்தச் சோதனையை மட்டும் நம்பக் கூடாது.) நாடி வேகமாகவும் மெலிந்தும் ஓடும். சிறுநீர் குறைந்து அடர்ந்த மஞ்சளாக இருக்கும். படுக்கையில் உள்ள 60 கிலோ நோயாளி மணிக்கு 30 மி.லி.க்கும் குறைவாகச் சிறுநீர் கழித்தால் நர்ஸ் டாக்டருக்குத் தெரிவிப்பார்.

நோயாளியின் நடத்தையும் ஓர் அறிகுறியே. சிடுசிடுப்பும் அமைதியின்மையும் இருந்து, டம்ளரைக் கண்டதும் ஆவலோடு வாங்கிக் குடித்தால் நீரிழப்பு நடுத்தரம். துவண்டுபோய், கூப்பிட்டாலும் கண் திறக்காமல், குடிக்கவும் முடியாமல் கிடந்தால் அது கடுமையான நீரிழப்பு.

எல்லாவற்றிலும் நம்பகமான கருவி தராசு. ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ எடை. ஒரே நாளில் ஒருவர் உடலில் ஒரு கிலோ கொழுப்பு கரைந்துவிடாது. எனவே ஒரு நாளில் ஒரு கிலோ குறைந்தால், போனது பெரும்பாலும் ஒரு லிட்டர் நீர்தான்.

ஒரு கணக்குப் போடுவோம். நேற்று 12.9 கிலோ இருந்த குழந்தை, பேதியால் இன்று 12 கிலோ இருக்கிறது. குறைந்தது 900 கிராம். ஆகவே இழந்த நீர் சுமார் 900 மி.லி. இது உடல் எடையில் 7 சதவீதம்; நடுத்தர நீரிழப்பு. இந்நிலையில் ஒரு கிலோ எடைக்கு 75 மி.லி. வீதம் கரைசலை நான்கு மணி நேரத்தில் கொடுக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் விதி. 12 × 75 = 900. இரண்டு கணக்கும் எப்படிப் பொருந்துகின்றன, பாருங்கள்!

10 சதவீதத்துக்கு மேல் இழந்துவிட்டால் வாயால் கொடுத்துக்கொண்டிருக்க நேரமில்லை. இரத்தக் குழாய் வழியாகத்தான் ஏற்ற வேண்டும். நம் ஊரில் 'குளுகோஸ் ஏற்றுகிறார்கள்' என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். உண்மையில் இங்கே தேவைப்படுவது 'ரிங்கர் லாக்டேட்' போன்ற உப்புக் கரைசல். வளர்ந்த ஒருவர் 50 கிலோ இருந்தால் மூன்று மணி நேரத்தில் 5 லிட்டர். அதிலும் முதல் ஒன்றரை லிட்டர் முதல் அரை மணிக்குள்!

குடலில் ஒரு வாசல்

ஐந்து லிட்டர் என்றால் பத்து அரை லிட்டர் புட்டிகள். ஊசி, இரப்பர்க் குழாய், அவற்றைப் பொருத்தத் தெரிந்த கைகள் எல்லாம் வேண்டும். இவை எதுவும் இல்லாத கிராமத்தில் என்ன செய்வது? உப்புநீரைக் குடிக்கக் கொடுக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். வெறும் உப்புநீரைக் கொடுத்தால் காலரா பிடித்த குடல் அதைச் சரிவர உறிஞ்சாது. அது பேதியோடு போய்விடும்.

விடை ஒரு சோதனைச்சாலையிலிருந்து வந்தது. குடலின் உட்சுவரில் சோடியமும் குளுகோசும் கைகோத்தால் மட்டுமே நுழையக்கூடிய ஒரு வாசல் இருக்கிறது என்ற கருத்தை 1960இல் ராபர்ட் கிரேன் என்ற விஞ்ஞானி வெளியிட்டார். ஒரு குளுகோஸ் மூலக்கூறோடு இரண்டு சோடியம் அயனிகள் உள்ளே போகும். உப்பும் சர்க்கரையும் போன இடத்துக்குச் சவ்வூடு பரவலால் தண்ணீரும் தானே பின்தொடரும். மற்ற வழிகள் கெட்டாலும் காலரா இந்த ஒரு வாசலை மூடுவதில்லை! 1968இல் டாக்காவில் டேவிட் நேலின், ரிச்சர்ட் கேஷ் ஆகிய இளம் மருத்துவர்களும் அவர்களது குழுவினரும், உப்பும் குளுகோசும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தால் இரத்தக் குழாயில் ஏற்றவேண்டிய அளவு ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு குறைகிறது என்று காட்டினர்.

ஆனால் அது மருத்துவமனையில், தேர்ந்தவர்கள் கண்பார்வையில் நடந்த ஆராய்ச்சி. சாதாரண மக்கள் கையில் இதைக் கொடுக்கலாமா என்று பல மருத்துவர்கள் தயங்கினார்கள்.

போன்காவ் முகாம், 1971

தயங்க நேரமில்லாத நாள் வந்தது. 1971இல் வங்கதேச விடுதலைப் போரின்போது ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் அகதிகளாக இந்தியாவுக்குள் வந்தனர். முகாம்களில் காலரா பரவியது. எல்லையோர ஊரான போன்காவ் மருத்துவமனைக்கு ஜூன் மாதம் கல்கத்தாவிலிருந்து மருத்துவர் திலீப் மகாலானபிஸ் தம் குழுவோடு போய்ச் சேர்ந்தார். காலரா நோயாளிகளுக்கென்று அங்கே இருந்தவை இரண்டே அறைகள். தரையெல்லாம் நோயாளிகள். அவர்களுக்கு ஊசி ஏற்ற, கழிவுகளின் நடுவே மண்டியிட வேண்டியிருந்தது. சலைன் புட்டிகளோ வேகமாகத் தீர்ந்துகொண்டிருந்தன.

அவர் ஒரு முடிவுக்கு வந்தார். கல்கத்தாவில் அவரது ஆராய்ச்சி மையத்தின் நூலக அறையில் உப்பையும் சோடா உப்பையும் குளுகோசையும் எடை போட்டு, பாலிதீன் பைகளில் அடைத்துக் கொண்டுவரச் செய்தார். ஒரு லிட்டருக்குக் குளுகோஸ் 22 கிராம், சமையல் உப்பு 3.5 கிராம், ஆப்பத்துக்குப் போடுகிறோமே அந்தச் சோடா உப்பு 2.5 கிராம். இவற்றின் விலை லிட்டருக்கு 11 காசு. பெரிய பீப்பாய்களில் கரைத்து வைத்தார்கள். அதைக் குவளையில் பிடித்து நோயாளிக்குப் புகட்டியவர்கள் யார் தெரியுமா? தாயும் தந்தையும் அண்ணனும் அக்காவும்தான். எழுதப் படிக்கத் தெரியாத உறவினர்களே அன்று நர்சுகள் ஆனார்கள்.

எட்டு வாரங்களில் 3,700க்கும் மேற்பட்டோருக்குச் சிகிச்சை நடந்தது. முன்பு நூற்றுக்கு முப்பது பேர் வரை இறந்துகொண்டிருந்தனர். அந்தச் சிகிச்சையில் இறந்தவர்கள் நூற்றுக்கு நான்கு பேருக்கும் குறைவு. மக்களிடம் கொடுக்கலாமா என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. மகாலானபிஸ் 2022இல் காலமானார். அவருக்கு 2023இல் பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டது.

வங்கதேசத்தில் 1980களில் 'பிராக்' தொண்டு நிறுவனத்தின் பெண் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று, ஒரு கோடிக்கும் மேற்பட்ட தாய்மார்களுக்கு இதைக் கற்றுக்கொடுத்தார்கள். மூன்று விரல் சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை லிட்டர் தண்ணீர். இதுவே அவர்களது பாடம். தாய் கலக்கியது சரிதானா என்று மாதிரி எடுத்துச் சோதித்தும் பார்த்தார்கள்.

கணக்கு மறுபக்கம் தவறினால்?

தண்ணீர் நல்லதுதான் என்று அளவின்றி ஏற்றலாமா? கூடாது. இதயம் பலவீனமானவர்களுக்கும் சிறுநீரகம் கெட்டவர்களுக்கும் உள்ளே போனது வெளியே வராது. கணுக்கால் வீங்கும். வீக்கத்தைக் கட்டைவிரலால் சில விநாடி அழுத்தி எடுத்தால் மெத்தையில் விழுவதுபோலக் குழி விழுந்து நிற்கும். கழுத்து நரம்பு புடைக்கும். நீர் நுரையீரலுக்குள் கசிந்தால் படுத்தவுடன் மூச்சுத் திணறும். இரண்டு நாளில் 2 கிலோ எடை கூடிவிட்டால், அது சாப்பாட்டால் வந்த சதை அல்ல. தேங்கிய 2 லிட்டர் நீர். அதனால்தான் இத்தகைய நோயாளிகளை நாள்தோறும் அதே நேரத்தில், அதே தராசில் நிறுக்கிறார்கள். தலைப்பக்கத்தை உயர்த்திப் படுக்கவைத்து, உப்பையும் நீரையும் குறைத்து, சிறுநீரைப் பெருக்கும் மருந்து தருகிறார்கள். அம்மருந்து பொட்டாசியத்தையும் சேர்த்து வெளியேற்றக் கூடும். பொட்டாசியம் மிகவும் குறைந்தால் இதயத் துடிப்பே தடுமாறும். ஆகவே அதற்கும் ஒரு கணக்கு!

வெறும் தண்ணீரை மட்டும் மிதமிஞ்சிக் குடித்தாலும் ஆபத்துதான். 2002இல் அமெரிக்காவின் பாஸ்டன் நெடுந்தூர ஓட்டத்தில் ஓடி முடித்த 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது, அவர்களில் 13 சதவீதத்தினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடும் அளவுக்குத் தண்ணீர் குடித்ததே இதற்கு முக்கியக் காரணம். சோடியம் மிகவும் குறைந்தால் திராட்சையைப் போல மூளையின் அணுக்கள் உப்பும். மண்டை ஓடு விரிந்து கொடுக்காது. தலைவலி, குழப்பம், வலிப்பு என்று நிலைமை முற்றும். மருத்துவமனையில் அதைச் சரிசெய்யும்போதும் அவசரப்படாமல் அளந்துதான் உயர்த்துவார்கள்.

நீங்கள் செய்யக் கூடியது

இன்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் உப்பு - சர்க்கரைக் கரைசலில், அதாவது ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில், ஒரு லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுகோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சோடியம் சிட்ரேட் 2.9 கிராம் உள்ளன. வீட்டில் யாருக்காவது பேதி கண்டால், பொட்டலத்தின்மேல் எத்தனை மி.லி. நீர் என்று அச்சிட்டிருக்கிறதோ அத்தனையே சேர்த்துக் கரையுங்கள். கரைத்ததை 24 மணி நேரத்துக்குமேல் வைத்திருக்காதீர்கள். ஒவ்வொரு முறை பேதியான பிறகும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மி.லி., அதற்கு மேற்பட்ட குழந்தைக்கு 100 முதல் 200 மி.லி. கரண்டி கரண்டியாகக் கொடுக்கலாம். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மீண்டும் தொடங்குங்கள். தாய்ப்பாலையும் உணவையும் நிறுத்தக் கூடாது. டாக்டர் தரும் துத்தநாக மாத்திரையும் குழந்தைக்கு அவசியம்.

பொட்டலம் கிடைக்காவிட்டால், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், குவிக்காமல் தலைதட்டி, கலந்து கொடுக்கலாம். முதலில் நீங்கள் ருசித்துப் பாருங்கள். கண்ணீரைவிட உப்புக் கரித்தால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள். குழந்தை துவண்டாலோ, குடிக்க மறுத்தாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ, சிறுநீர் நின்றுவிட்டாலோ வீட்டில் காத்திராமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். வழியிலும் குழந்தையால் விழுங்க முடிந்தால் கரைசலைப் புகட்டிக்கொண்டே போங்கள்.

'பேதியாகும்போது தண்ணீர் கொடுத்தால் பேதி இன்னும் அதிகமாகும்' என்று யாராவது சொன்னால், அவர்களோடு சண்டை போடாதீர்கள். பேதி நிற்பதற்கு முன்பே உடல் வற்றிவிடுவதுதான் ஆபத்து என்பதைப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். திராட்சைச் சோதனையையும் செய்து காட்டுங்கள்.

அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது, கட்டிலின் கால்மாட்டில் இருக்கும் அந்தத் தாளை மதிப்போடு பாருங்கள். உங்கள் தாத்தா குடித்த மோரைக் குறித்துக்கொள்ள நர்ஸ் 'எத்தனை டம்ளர்?' என்று கேட்டால், குத்துமதிப்பாகச் சொல்லாமல் அளந்து சொல்லுங்கள். லீத் துறைமுகத்து மூதாட்டிக்குக் கிடைக்காத கணக்கு அது.